புகைப்புரயில கெடந்த நெப்டியூன்

மொதல்ல ஒரு காரியம் சொல்லிடுதேன். நெப்டியூன் நீங்க நெனைக்குத நெறமே இல்ல.

நானும் ஏமாந்துதான் கெடந்தேன். பள்ளிக்கூட புஸ்தகத்துல கடும்நீலமா இருக்கும்லா, மைக்குப்பி கவுந்த மாதிரி? அது பண்டு எடுத்த போட்டோவுல மேகம் தெளிவா தெரியட்டும்னு நெறத்தக் கூட்டி வச்சதாக்கும். நெசத்துல அது வெளுத்து, கொறச்சு பச்ச கலந்த நீலம். பிள்ளையளுக்க யூனிபாரம் அலக்கி அலக்கி ஒரு நெறம் வருமே, அது. இத நான் வாசிச்சது ஜூன் மாசம். கண்காட்சிக்கு பதினோரு நாளு கெடக்கு. எல்லா எடங்கேறும் தொல்லையும் அங்கதான் தொடங்கிச்சு.

எனக்க பேரு அமிர்தா. பாறசாலையில ராஜதாஸ் அண்ணனுக்க மொபைல் சர்வீஸ் கடையில வேலை. போனுக்க உள்ள இருக்குத பொடிப்பொடி சாமானத்த தலையில மாட்டுத லென்ஸ வச்சு பாத்துப் பாத்து கை பழகிப்போச்சு. அதே லென்ஸ மாட்டிட்டு வீட்டுல படம் வரையுதேன். ஆயில் பெயின்டு. ரெண்டு தீப்பெட்டிய ஒட்டி வச்சா எவ்வளவு வருமோ, அவ்வளவுதான் பலகை. அதுக்குள்ள சனி, சனிக்க வளையம், பொறகால நட்சத்திரம் எல்லாம் வரணும். நட்சத்திரத்துக்கு பிரஷு ஆகாது கேட்டியளா, எவ்வளவு பொடி பிரஷா இருந்தாலும் ஒவ்வொரு பொட்டும் சூரியன் கணக்கா நிக்கும். தையல் ஊசிக்க முனையில வெள்ளையத் தொட்டு, மூச்சப் பிடிச்சுட்டு ஒரு குத்து. எடையில தும்மினா தீந்துது, புதுசா ஒரு கேலக்ஸி வந்திரும்.

திருவனந்தபுரத்துல வருசாவருசம் குட்டிப்படத்துக்குன்னே ஒரு கண்காட்சி நடக்கும். போன வருசம் நானும் கொண்டுபோனேன். படம் வாங்குத மேசையில மரகதவல்லின்னு ஒரு மேடம் இருந்தாவ. சனிக்கு மேல பெருவெரல வச்சு ஒரு அமுக்கு அமுக்கினாவ. பெயின்டு ஒணங்கல. அவியளுக்க வெரலு மஞ்சளாச்சு, எனக்க சனிக்கு மேல அவியளுக்க ரேகை. "மோளே, ஈரப்படம் எடுக்கான் பாடில்ல, நியமமாக்கும்"னு அப்படியே திருப்பித் தந்துட்டாவ. பஸ்ஸுல அழுதுட்டே வந்தேன். நெய்யாற்றின்கரை வந்தப்ப பசிச்சுது, எறங்கி பரோட்டா தின்னேன், பொறவு மிச்சத்த அழுதேன்.

இந்த வருசம் போட்டோ அனுப்பினதுலயே எனக்க அஞ்சு படத்தையும் எடுத்துட்டாவ. சந்திரன், செவ்வாய், சனி, ஓரியன் நெபுலா, நெப்டியூன். அஞ்சும் சேந்து ஒரு செட்டு. சனியாழ்ச்ச பன்னெண்டு மணிக்குள்ள கொண்டு குடுக்கணும், அவ்வளவுதான்.

கையும் காலும் வச்சுட்டு சும்மா இருக்கணுமா வேண்டாமா? நான் இருக்கல. நெப்டியூனுக்க நெறத்தப் பத்தி வாசிச்ச அன்னைக்கே அவியளுக்கு மெயில் போட்டேன்: நெறம் தப்பாப் போச்சு, மாத்தட்டான்னு. பதில் ஒடனே வந்துது. நெறத்த மாத்தலாம், பேர மாத்தப்பிடாது, எண்ணிக்கை கொறயப்பிடாது, பெயின்டு ஈரமா இருக்கப்பிடாது. அஞ்சும் வந்தா செட்டு, ஒண்ணு இல்லேன்னா அஞ்சும் இல்ல.

நான் 'நெறத்த மாத்தலாம்'ங்கத மட்டும் வாசிச்சுட்டு பழைய நெப்டியூன பிளேடு வச்சு சொரண்ட ஆரம்பிச்சேன்.

அம்மைக்கு சரோஜம்னு பேரு. பேருக்கு ஏத்த மாதிரி மெதுவா பேசுத ஆளொண்ணும் இல்ல.

"எட்டி, நெறம் கூடிப்போச்சுன்னு நெப்டியூனா வந்து ஒனக்கிட்ட சண்டை பிடிக்கப் போவுது?"

"எனக்குத் தெரியும்லா அம்ம."

"நீ வாயத் தொறக்காம இருந்தா ஒருத்தருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியும்லா!"

"ஒனக்கு எல்லாம் தெரியும். மழையில ஆயில் பெயின்டு ஒணங்காதுன்னு மட்டும் தெரியாது."

அத அம்ம சொன்னது சரிதான். வெளுத்த நெறம்னா வெள்ளப் பெயின்டு ஒருபாடு சேக்கணும், இந்த வெள்ளை இருக்கே, அது பாடாவதி, ஒணங்கவே ஒணங்காது. போதாக்குறைக்கு மழை நிக்கவே இல்ல. தோச்சுப் போட்ட துணியே மூணு நாளா கொடியில கெடந்து மணக்குது. மேசையில வச்சேன், பிரிட்ஜுக்க பொறகால வச்சேன், கேஸ் அடுப்புக்க பக்கத்துல கொண்டு வச்சு அம்மக்கிட்ட ஏச்சு வாங்கினேன். பக்கத்து வீட்டு ஜோஸ்னாக்க ஹேர் டிரையர வாங்கி அடிச்சதுல அவளுக்க ஒரு முடிதான் பறந்து வந்து நெப்டியூன்ல ஒட்டிச்சு. ஊசிய வச்சு எடுத்தேன்.

செவ்வாழ்ச்ச தொட்டுப் பாத்தா இப்பளும் பிசுபிசுன்னு இருக்கு. இன்னும் நாலு நாளு.

புதனாழ்ச்ச காலத்த கடைக்குப் போறப்பதான் புத்தி வந்துது. புத்தின்னு அப்ப நெனச்சேன்.

ஜோஸ்னாக்க அம்ம கிருபாபாய் மாமிக்கு முந்நூறு மூடு ரப்பர் மரம் உண்டு. பாலு ஒறஞ்ச ஷீட்ட ஒணக்குததுக்கு வீட்டுக்க பொறத்த ஒரு புகைப்புர உண்டு. செங்கல்லு கெட்டின சின்ன ரூமு, கீழ தீ, மேல கம்பு கம்பா கெட்டி ஷீட்ட தொங்கப் போட்டிருக்கும். வெளிய எத்தனை மழை பெய்தாலும் உள்ள சித்திர மாசத்து உச்சி வெயிலு கணக்கா ஒரு சூடு. ஷீட்டே நாலு நாளுல ஒணங்கி வருதுன்னா தீப்பெட்டி அளவுக்கு ஒரு நெப்டியூன் ஒணங்காதா?

"மாமி, ஒரு சின்ன சாமானம் உள்ள தொங்கப் போடட்டா?"

மாமி தேங்காத் தொண்டும் செரட்டையும் தீயில தள்ளிட்டு நின்னாவ. திரும்பிப் பாத்தாவ. "என்னட்டி அது, கோழிமுட்டையா?"

"நெப்டியூன்."

"எனக்க ஷீட்டுல ஒட்டாம போட்டா நீ ஆர வேணும்னாலும் போடு. ஆனா ஒண்ணு சொல்லிடுதேன், போட்டா போட்டதுதான். எப்ப ஒணங்கும் எப்ப ஒணங்கும்னு வந்து வந்து கதவத் தொறந்தா சூடு எல்லாம் வெளிய போயிரும். ஒன்னையும் சேத்து தொங்கப் போட்டிருவேன்."

துணி கிளிப்புல மாட்டி, ரெண்டு ஷீட்டுக்க எடையில தொங்கவிட்டேன். மூணு நாளு. நான் அந்த மூணு நாளும் கதவத் தொறக்கல. எனக்க வாழ்க்கையில நான் இவ்வளவு அடங்கி இருந்தது இதுக்கு முன்ன கெடையாது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு புகை போறத மட்டும் பாத்துட்டு இருந்தேன். புகை போறதப் பாத்துட்டு இருந்தேன்னு நானே சொல்லுதேன் பாத்தியளா? பாத்துட்டுத்தான் இருந்தேன். ஆனா மண்டையில சூடு, சூடு, சூடுன்னு மட்டும்தான் ஓடிச்சு.

சனியாழ்ச்ச காலத்த ஏழு மணிக்கு மாமி கதவத் தொறந்தாவ. நான் கிளிப்போட எடுத்துட்டு வெளிச்சத்துக்கு வந்தேன்.

நெப்டியூன் கருப்பட்டியா இருந்துது.

நான் மெகையாச் சொல்லல. வட்டம், தவிட்டு நெறம், ஓரத்துல கொஞ்சம் மினுக்கம். வெட்டி சந்தையில வச்சா ஆளு வந்து வெலை கேக்கும். அதுக்க பொறகால கருப்பு ஆகாசத்துக்கு மட்டும் ஒண்ணும் இல்ல. கருப்புல புகை பிடிச்சா ஆருக்குத் தெரியும்?

"ஒணங்கிச்சா?"ன்னு மாமி கேட்டாவ.

தொட்டுப் பாத்தேன். நல்லா கல்லு கணக்கா ஒணங்கிருக்கு. அதுதான் எனக்கு அழுகையா வந்துது. ஒணங்கியிருக்கு, ஆனா நெப்டியூன் இல்ல.

ஜோஸ்னா பல்லு தேச்சுட்டே வந்து எட்டிப் பாத்தா. பி.பார்ம் படிக்கா, எல்லாத்துக்கும் ஒரு மருந்து வச்சிருப்பா. "பேர மாத்திக் குடு. செவ்வாய்னு சொல்லு."

"செவ்வாய் ஏற்கெனவே உண்டு. பேர மாத்தவும் பிடாது."

"சோப்பு போட்டு கழுவுட்டி மக்கா,"ன்னு மாமி. "நான் பாத்திரம் கழுவுத சோப்பு தாறேன்."

"மாமி, அது படம்!"

"படமா? படத்த ஆராவது புகைப்புரயில போடுவாவளா? ஷீட்ட எதுக்குட்டி உள்ள போடுதோம்? புகை பிடிக்கணும்னு. அந்த புரைக்க பேரு என்ன?"

புகைப்புர. அது எனக்கு அப்பதான் மண்டையில கேறிச்சு.

ஜோஸ்னா பல்லு தேக்குதத நிறுத்தினா. வாயில உள்ள நுரைய துப்பினா. துப்பினத பாத்தா. "எட்டி. எச்சிலு."

"என்னது?"

"ம்யூசியத்துல பழைய படத்த எச்சிலு தொட்டுத்தான் தொடைப்பாவளாம். நான் வீடியோ கண்டேன். பஞ்ச வாயில நனச்சு, பைய உருட்டணும். அழுக்கு மட்டும் வரும், பெயின்டு வராது. எச்சில்ல என்சைம் உண்டுலா. சத்தியமாட்டி, வெளிநாட்டுல எல்லாம் செய்யுதாவ."

"ஒனக்க வீடியோவ நம்பி ஒருக்க தலையில முட்டை தேச்சேன், ஓர்மை உண்டா?"

"வேண்டாம்னா கருப்பட்டியக் கொண்டுபோ."

காதுக்கு போடுத பட்ஸ் ஒண்ண எடுத்து, நாக்குல நனச்சு, நெப்டியூனுக்க அடியில ஒரு ஓரத்துல வச்சு உருட்டினேன். பஞ்சு காப்பி நெறமாச்சு. அதுக்கு அடியில, ஒரு எள்ளு அளவுக்கு, வெளுத்த பச்சநீலம்.

நான் போட்ட கூப்பாட்டுல மாமிக்க கோழி எல்லாம் சாடி ஓடிச்சு.

ஆனா மணி ஏழரை. இத்தினி எடத்துக்கே ஒரு பட்ஸ் ஆச்சு. மொத்த நெப்டியூனும் ஒரு ரூபா துட்டு அளவு. வீட்டுல இருந்து தொடைச்சு முடிச்சுட்டுப் போனா ரயிலு போயிரும். மத்த நாலு படத்தையும் டிபன் பெட்டியில அடுக்கினேன், ஜோஸ்னா ஒரு டப்பா பட்ஸ எடுத்தா, ரெண்டு பேரும் பாறசாலை ஸ்டேஷனுக்கு ஓடினோம். மழை. பாசஞ்சரு. எடம் கெடச்சுது.

நான் லென்ஸ தலையில மாட்டினேன். ஜோஸ்னா பலகையப் பிடிச்சா. வண்டி ஆடுதது நிக்கப்ப மட்டும் உருட்டணும், ஓடுதப்ப பஞ்ச நனைக்கணும். அப்படி ஒரு கணக்கு வச்சோம். அமரவிளை வரை நல்லாப் போச்சு. அது கழிஞ்சு வாயி ஒணங்கிப்போச்சு. ரெண்டு பேருக்கும். துப்பலு வரவே மாட்டேங்குது. பயத்துல வாயி ஒணங்கும்லா, அது. பாதி நெப்டியூன் நீலம், பாதி கருப்பட்டி.

எதிர் சீட்டுல கடப்புறத்து பொழியூர்க்காரி ஒரு அக்கா இருந்தாவ, மக வீட்டுக்குப் போறாவ. எவ்வளவு நேரமாட்டு எங்களைப் பாத்துட்டே இருந்தாவளோ. "பிள்ளே, நானும் கேக்கப்பிடாது கேக்கப்பிடாதுன்னு இருக்கேன். நீங்க ரெண்டும் என்ன செய்யுதிய?"

சொன்னேன். முழுக்கச் சொன்னேன், நெறம் மாறினதுல இருந்து.

அக்கா பலகைய எட்டிப் பாத்தாவ. பொறவு சொன்னாவ: "நெத்தோலி."

"என்னது அக்கா?"

"பச்ச நெத்தோலி. இப்ப பிடிச்சு கரையில போட்டது. அதுல பச்ச மாங்காய கீறிப் போட்டு, தேங்கா அரச்சு, மண்சட்டியில வச்சு... மாங்கா நல்ல புளிச்ச மாங்காயாக்கும். நாக்குல வச்சா கண்ணு ஒண்ணு தானா மூடிக்கிடும்."

எனக்க ரெண்டு தாடைக்க பொறகாலயும் சுரீர்னு ஒண்ணு ஊறிச்சு. பட்ஸ வாயில வச்சேன். உருட்டினேன்.

"சொல்லுங்கோ அக்கா, நிறுத்தாதேயுங்கோ!"

பக்கத்துல பத்திரிகை வாசிச்சுட்டு இருந்த ஒரு ஆபீஸ்காரரு பத்திரிகைய மடக்கினாரு. "நெல்லிக்கா. அரிநெல்லிக்கா. உப்பும் காந்தாரி மொளகும் சேத்து சதச்சது." கதவுக்கிட்ட நின்ன ஒரு காலேஜ் பையன் அங்க இருந்தே விளிச்சுச் சொன்னான், "லூபிக்கா! லூபிக்கா சேச்சி! பழுக்காதது!" ஒரு அம்மச்சி வாளம்புளிய ஓட்டோட கடிக்குததுன்னு தொடங்கினாவ, சொல்லி முடிக்கதுக்கு முன்ன அவியளுக்கே வாயி ஊறி, முந்தானையால தொடைச்சாவ. பெட்டியில பாதி ஆளுக்கு மொகம் கோணிப்போச்சு. பாலராமபுரம் கழியதுக்குள்ள ஜோஸ்னாவும் நானும் மாறி மாறி முப்பது பட்ஸ் உருட்டியாச்சு.

நேமம் வந்தப்ப முக்காவாசி தெளிஞ்சுது. திருவனந்தபுரம் தம்பானூர்ல எறங்குதப்ப நெப்டியூன் நெப்டியூனா இருந்துது. அலக்கின யூனிபாரம் நெறம், அப்படியே. பொழியூர் அக்கா எறங்கதுக்கு முன்ன வாங்கி கண்ணுக்கு கிட்ட வச்சுப் பாத்தாவ. "கடலு கலங்காம இருக்கப்ப எங்களுக்கு இப்படித்தான் தெரியும்"னு சொல்லிட்டு திருப்பித் தந்தாவ. நட்சத்திரம் மட்டும் லேசா பழுப்பு. அத விட்டுட்டேன். பழுப்பு நட்சத்திரம் உண்டும்லா, தப்பு ஒண்ணும் இல்ல.

பாசஞ்சரு வழியெல்லாம் நின்னு நின்னு வந்ததுல, பதினொண்ணே முக்காலுக்குத்தான் ஹாலுல கேறினோம். மேசைக்க அந்தப் பக்கம் அதே மரகதவல்லி மேடம். டிபன் பெட்டியத் தொறந்து அஞ்சையும் வரிசையா வச்சேன்.

சந்திரன அமுக்கினாவ. சரி. செவ்வாய். சனி. நெபுலா. சரி, சரி, சரி. நெப்டியூன எடுத்து பெருவெரல வச்சு அமுக்கினாவ. வெரலத் திருப்பிப் பாத்தாவ. ஒண்ணும் இல்ல, சுத்தம். நான் மூச்சு விட்டேன்.

அப்பதான் மேடம் படத்த கண்ணுக்கு கிட்ட கொண்டுபோனாவ. இத்தினி படம், கிட்ட கொண்டுபோகாம எப்படி பாக்க? மூக்கு ரெண்டு தடவ சுருங்கிச்சு.

"இது எந்தா, ஒரு மணம்?"

"பெயின்டுக்க மணமாக்கும் மேடம்,"ன்னு ஜோஸ்னா சாடி விழுந்து சொன்னா.

"பெயின்டுக்க மணம் எனக்கு அறிஞ்ஞூடே? இது வேற. கருவாடு சுட்டதுபோல..." வெரல மூக்குல வச்சு மோந்தாவ. "அல்ல. ரப்பரு. ரப்பர் ஷீட்டு! மோளே, இத எங்க ஒணக்கின?"

ஜோஸ்னா எனக்க காலச் சவுட்டினா. நான் என்ன செய்ய, தொடங்கினா நிறுத்தத் தெரியாதுலா எனக்கு. புகைப்புரயச் சொன்னேன். கருப்பட்டியச் சொன்னேன். ரயிலு, பட்ஸு, நெத்தோலி, எல்லாம் சொன்னேன்.

"எச்சிலா?"ன்னு மேடம் கேட்டாவ. அப்பளும் பெருவெரலு மூக்குக்க கிட்டதான் இருக்கு. அவியளுக்கே அது தெரிஞ்சுது. பைய வெரல தாழ்த்தி, மேசைக்க அடியில இருந்த சானிடைசர எடுத்து, பேசாம ஒரு அமுக்கு, ரெண்டு அமுக்கு, மூணு அமுக்கு.

"பாரு மோளே. எல்லா படமும் கண்ணாடிப் பெட்டிக்கு உள்ளயாக்கும் வைக்கது. ஏசி ரூமு. இத உள்ள வச்சா நாலு நாளு கழிஞ்சு பெட்டி தொறக்கப்ப மத்தவியளுக்க படம் எல்லாம் புகைப்புர மணக்கும். நாலும் எடுக்கலாம். இது வேண்டா."

"நாலு மட்டும் எடுக்கப்பிடாது மேடம்."

"எந்தா?"

"அஞ்சும் வந்தா செட்டு, ஒண்ணு இல்லேன்னா அஞ்சும் இல்ல. நீங்க அனுப்பின மெயிலுல உண்டு." போன எடுத்து நீட்டினேன். "பேரு மாத்தல. எண்ணிக்கை கொறயல. ஈரம் இல்ல, நீங்களே தொட்டுப் பாத்திய. மணக்கப்பிடாதுன்னு எங்கயாவது உண்டான்னு பாருங்கோ மேடம்."

மேடம் கண்ணாடிய மாட்டி மெயில வாசிச்சாவ. மேல வரை போயி, திரும்ப கீழ வந்தாவ. மணி பதினொண்ணு அம்பத்திரெண்டு. ஜோஸ்னா எனக்க கையப் பிடிச்சுட்டு நின்னா. மேடம் வாயிக்குள்ள என்னமோ முணுமுணுத்தாவ, எனக்குக் கேட்டது "அடுத்த வருசம் நியமத்துல எழுதிச் சேக்கணும்"ங்கது மட்டும்.

பொறவு ரெஜிஸ்டர எடுத்து, பேனா மூடியத் தொறந்து, அஞ்சு வரி எழுதினாவ. நெப்டியூன் அஞ்சாவது வரி. பக்கத்துல 'கிடச்சு'ன்னு ஒரு ஒப்பு.

"நாலும் உள்ள. இது அங்க." வெரலு நீட்டின எடத்தப் பாத்தேன். ஹாலுக்க அந்தக் கடைசியில, வராந்தா பக்கம், ஒரு ஜன்னலு. தொறந்து கெடக்கு. காத்து வருது. கண்ணாடியும் இல்ல, பெட்டியும் இல்ல, செவுருல ஒரே ஒரு ஆணி. "காத்து கொள்ளட்டும். செட்ட விட்டு தனியாப் போச்சேன்னு வெஷமம், சங்கடம் ஒண்ணும் இல்லல்லோ?"

நான் சந்திரனுக்க பெட்டிய பாத்தேன். அங்க இருந்து செவ்வாய், சனி. அங்க இருந்து அந்த ஜன்னலு வரை இருக்குத வெறுந்தரையப் பாத்தேன். ஒருத்தரும் இல்ல, ஒண்ணும் இல்ல, ஒரு மின்விசிறி மட்டும் சுத்துது.

"வெஷமமா? மேடம், அதுக்க எடமே அதாக்கும்!"

ஓடிப்போய் நானே ஆணியில மாட்டினேன். மாட்டிட்டு காலடி வச்சு அளந்துட்டே திரும்பி வந்தேன். சூரியன் வாசல்ல இருக்குன்னு வையுங்கோ, சனி இங்க இருக்குன்னா, நெப்டியூன் அதப்போல மூணு மடங்கு தள்ளிப் போவணும்.

"மேடம்,"ன்னு விளிச்சேன். "கணக்குப்படி அந்த ஜன்னலும் போதாது. வெளிய பஸ் ஸ்டாப்பு வரை..."

ஜோஸ்னா எனக்க வாயப் பொத்தி வெளிய இழுத்துட்டு வந்துட்டா.